'லேட்' என்ற சொல் நிற்கும் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். உங்கள் நாளிதழில் மாணவர்களுக்காக வெளிவரும் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியை விடாமல் படிக்கிறேன். அதில் ஒரு நாள் 'லேட்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மாணவி என்னைத் தேடி வந்தாள். பிளஸ் டூ முடித்தவள். கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வெளியூர் அறக்கட்டளை ஒன்றுக்கு அவளே ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் திரும்பி வந்திருந்தது. கோடு போட்ட தாள். அடித்தல் திருத்தல் இல்லாத குண்டு குண்டான எழுத்து. இரண்டாவது வரி, 'மை ஃபாதர் இஸ் லேட்'. அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு இழுத்து, ஓரத்தில் யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்: 'தந்தை வந்ததும் கையொப்பம் பெற்று அனுப்பவும்.'

"அப்பா எப்படி சார் வந்து கையெழுத்துப் போடுவார்?" என்று கேட்டாள். எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

ஓரத்தில் எழுதியவர் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. கடிதத்தின் கடைசி வரியில், அம்மா மீன் விற்றுத் தனியாகக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார் என்று அவள் எழுதியிருந்தாள். அதுவரை படித்திருந்தால் அந்தக் குறிப்பு வந்திருக்காது. ஆனாலும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டால், நாம் பள்ளியில் படிக்கிற ஆங்கிலத்தில் அதற்கு 'என் அப்பா தாமதமாக வருகிறார்' என்பதுதான் பொருள். (போட்ஸ்வானா போன்ற சில ஆப்பிரிக்க நாடுகளின் ஆங்கிலத்தில் அது இறந்துவிட்டார் என்றே பொருள்படும். நம் அலுவலகங்களில் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.)

'லேட்' ஒரு பெயரடை. மறைந்தவரைக் குறிக்க வேண்டுமானால் அது பெயருக்கோ உறவுச் சொல்லுக்கோ முன்னால்தான் நிற்க வேண்டும். 'மை லேட் ஃபாதர்' என்றால் மறைந்த என் தந்தை. அதே சொல் 'இஸ்' என்பதைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் இறப்பு என்ற பொருளை இழந்து, தாமதம் என்ற பொருளை மட்டும் வைத்துக்கொள்கிறது. 'ஓல்டு' என்ற சொல்லும் இப்படித்தான். 'மை ஓல்டு ஃப்ரெண்ட்' என்றால் பெரும்பாலும் நெடுநாள் நண்பர், அவருக்கு இருபது வயதுகூட இருக்கலாம். 'மை ஃப்ரெண்ட் இஸ் ஓல்டு' என்றால் நண்பர் வயதானவர்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மறைந்தவரைக் குறிக்கும் பிரெஞ்சுப் பெயரடைக்கும் இடம் முக்கியம். 'மறைந்த அரசி' என்று எழுதும்போது, அரசிக்கு முன் வரும் சுட்டுக்கும் (ஆங்கில 'தி' போன்ற சொல்) முன்னால் அது நின்றால் பெண்பால் விகுதி ஏற்காது. சுட்டுக்கும் பெயருக்கும் நடுவில் நின்றால் ஏற்கும்.

அந்த மாணவி ஏன் அப்படி எழுதினாள் என்பதும் எனக்குப் புரிகிறது. தமிழில் 'காலஞ்சென்ற என் தந்தை' என்றும் சொல்லலாம், 'என் தந்தை காலமானார்' என்றும் முடிக்கலாம். முன்னால் வருவதைப் பின்னால் கொண்டுபோனால் நம் மொழி வடிவத்தை மாற்றிக் கொடுத்துவிடுகிறது. 'லேட்' மாறாமல் அப்படியே இருப்பதால் எங்கு வைத்தாலும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். போதாததற்கு, கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன்னால் 'லேட்', சான்றிதழ்களில் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று சின்ன வயதிலிருந்தே பார்க்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இறந்தவர் என்று பொருள் என மனதில் பதிந்துவிடுகிறது. வாக்கியத்துக்குள் அதை எப்படி வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய நானும் இதற்கென்று ஒரு வகுப்பு எடுத்ததில்லை. அது என்னை உறுத்துகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சொல் எல்லா மறைந்தவர்களுக்கும் பொருந்தாது. நாம் அறிந்தவர், அண்மைக் காலத்தவர் என்றால்தான் பொருந்தும். பாரதியார் 1918-இல் புதுச்சேரியிலிருந்து வெளியேறி வரும் வழியில் கைதாகி, எங்கள் கடலூர்ச் சிறையில் இருந்தார். 1921-இல் மறைந்தார். அவரைப் பற்றிய கட்டுரையில் 'தி லேட் பாரதியார்' என்று எழுதும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பாரதியார் என்று மட்டும் எழுதினால் போதும். 'லேட்லி' என்பதற்கும் தாமதத்துக்கும் தொடர்பில்லை. அதற்குச் சமீப காலமாக என்று பொருள்.

அப்படியானால் அந்தப் பெண் என்ன எழுதியிருக்க வேண்டும்? 'மை ஃபாதர் டைடு' என்று எழுதச் சொன்னேன். தயங்கினாள். "மரியாதை இல்லாத மாதிரி இருக்கிறது சார்" என்றாள். காலமானார், இறைவனடி சேர்ந்தார் என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் தயக்கம் வரத்தான் செய்யும். அந்த ஆங்கில வினைச்சொல்லில் அவமரியாதை எதுவும் இல்லை, பெரிய தலைவர்கள் மறைந்தாலும் ஆங்கிலப் பத்திரிகைகள் அதைத்தான் போடுகின்றன என்று எடுத்துச் சொன்னேன். மனம் ஒப்பாதவர்கள் 'பாஸ்டு அவே' என்று எழுதலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இதே தேவனாம்பட்டினத்து மக்களுக்கு மனு எழுதிக் கொடுக்க நானும் போயிருந்தேன். அவர்கள் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினோம். யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்பதில் ஒரு மனுவிலும் குழப்பம் இல்லை. ஆகவே உதவித்தொகை தரும் அமைப்புகளுக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள்: தமிழில் எழுதிய விண்ணப்பங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். தந்தையையோ தாயையோ இழந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், அந்த ஒரு வாக்கியத்தைத் தனியாக அழைத்துக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். அவர்கள் அதை எத்தனையோ படிவங்களில் எழுத வேண்டியிருக்கும்.

அந்த மாணவி என் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து புதிதாக எழுதினாள். அப்பா இறந்த ஆண்டைப் போட்டாள். அதற்கு அடுத்த வரியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகச் சேர்த்தாள்: 'ஹி வாஸ் எ ஃபிஷர்மேன்.' இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து அன்று மாலையே விரைவு அஞ்சலில் அனுப்பினோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.