துரைகள் எல்லாரும் பிரபுக்கள் அல்லர்

வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கும், தமிழ் நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவினருக்கும் வணக்கம். பிரிட்டிஷ் பட்டங்களைத் தமிழில் எழுதும்போது நேரும் பிழைகளைப் பற்றி இக்கடிதம்.

வாரன் ஹேஸ்டிங்ஸ் பிரபு அல்லர். வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல் அவர். லண்டன் நாடாளுமன்றத்தில் ஏழாண்டுகள் விசாரணைக்கு நின்று 1795இல் விடுதலையானார். 1818இல் இறக்கும்வரை பிரபுப் பட்டம் மட்டும் அவருக்கு வரவேயில்லை. பிரபுவாக இருந்த ஹேஸ்டிங்ஸ் வேறொருவர்: 1813 முதல் 1823 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த பிரான்சிஸ் ராடன்-ஹேஸ்டிங்ஸ். இங்கே வந்திறங்கியபோது மொய்ரா ஏர்ல். நேபாளப் போருக்குப் பிறகு ஹேஸ்டிங்ஸ் மார்க்வெஸ். முன்னவருக்கும் ‘பிரபு’ போட்டுவிட்டால், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருவரையும் ஒருவராக்கிவிடும்.

பிரபு என்று நாம் சொல்வது பிரிட்டனில் ஐந்து படிகள் கொண்ட ஏற்பாடு. மேலிருந்து டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். (கடைசிப் பட்டத்தைச் சிலர் ‘பேரன்’ என்று அச்சிடுகிறார்கள். தாத்தாவைத் தேட வேண்டியிருக்கிறது. பாரன் என்றே எழுதுங்கள்.) ஐந்தில் ஏர்ல் ஒன்றுதான் நார்மன் படையெடுப்புக்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. அதற்குப் பெண்பால் இல்லாததால் ஏர்லின் மனைவிக்குப் பிரெஞ்சு வழிவந்த ‘கவுண்டஸ்’ ஒட்டிக்கொண்டது. இந்த மூன்றும் பிந்தி வந்தவை: இங்கிலாந்தின் முதல் டியூக் 1337இல், முதல் மார்க்வெஸ் 1385இல், முதல் வைகவுண்ட் 1440இல்.

இந்த ஐந்தில் கீழ் நான்கு படியினரையும் பேச்சிலும் செய்தியிலும் ‘லார்ட்’ எனலாம். தமிழில் பெயருக்குப் பின் ‘பிரபு’. டியூக்கை அப்படிச் சொல்வதில்லை. ஆர்தர் வெல்லெஸ்லி 1809 முதல் வெலிங்டன் பிரபு. 1814க்குப் பிறகு வெலிங்டன் டியூக். ஆகவே வாட்டர்லூ போரை நடத்தியவர் டியூக்.

அடுத்த சிக்கல், பட்டமில்லாத ‘லார்ட்’. டியூக், மார்க்வெஸ் ஆகியோரின் இளைய மகன்கள் தங்கள் இயற்பெயருக்கு முன்னால் அதைப் போட்டுக்கொள்ளலாம். இது வெறும் மரியாதை வழக்கு. பிரபுக்கள் அவையில் இடம் கிடையாது. வில்லியம் பெண்டிங் இந்த வகை. போர்ட்லேண்ட் டியூக்கின் இரண்டாம் மகன். இந்தியாவிலிருந்து திரும்பியபின் கிளாஸ்கோ தொகுதியில் மக்களவைக்குத் தேர்வானவர். எனவே ‘பெண்டிங் பிரபு’ பிழை. இதைத் தீர்க்கத் தமிழில் வசதி இருக்கிறது: மரியாதை வழக்குக்கு ‘லார்ட்’ முன்னால் வரட்டும், லார்ட் வில்லியம் பெண்டிங், உண்மைப் பட்டத்துக்குப் ‘பிரபு’ பின்னால் வரட்டும், ரிப்பன் பிரபு. இடத்தைப் பார்த்தே வாசகருக்குப் புரியும். மவுண்ட்பேட்டனுக்கு இரண்டும் பொருந்தும், ஆண்டைப் பொறுத்து. 1917இலிருந்து லார்ட் லூயிஸ், 1946இல் வைகவுண்ட் ஆனபின் மவுண்ட்பேட்டன் பிரபு, 1947இல் ஏர்ல்.

ஆண்டுதான் பெரும்பாலான பிழைகளுக்கு மூலம். ஆங்கிலக் கல்விக் குறிப்பை 1835இல் எழுதியவர் வெறும் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. அவர் பாரன் ஆனது 1857இல், இந்தியாவைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து. வெலிங்டன் என்றே நம்மவர் பலரும் எழுதிவிடுகிற வில்லிங்டன் இன்னொருவர். சென்னை கவர்னராக வந்தபோது பாரன், பதவிக் காலத்தின் முடிவில் 1924இல் வைகவுண்ட், வைஸ்ராயான 1931இல் ஏர்ல், விடைபெற்ற 1936இல் மார்க்வெஸ். ‘வில்லிங்டன் பிரபு’ என்று எழுதினால் எந்த ஆண்டுக்கும் பிழையில்லை. படியைக் குறிப்பிடுவதென்றால் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

இனி ‘சர்’. இது பிரபுப் பட்டமே அல்ல. ‘நைட்’ ஆனவருக்கும் ‘பாரனெட்’ ஆனவருக்கும் உரியது. முன்னது அவரோடு முடியும். பின்னது வாரிசுக்குப் போகும். பாரனெட் பட்டத்தை 1611இல் தொடங்கியவர் முதலாம் ஜேம்ஸ். அயர்லாந்தின் அல்ஸ்டரில் 30 படைவீரர்களை மூன்றாண்டுகள் வைத்திருக்க, ஆளுக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ் என்று கணக்கிட்டு 1,095 பவுண்டு வாங்கிக்கொண்டுதான் பட்டம் கொடுத்தார். விலைப்பட்டியலே இருந்தது என்று பொருள். சென்னைத் தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ 1825இல் பாரனெட் ஆனவர். அவர் சர் தாமஸ் மன்றோ. ‘மன்றோ பிரபு’ என்று ஒருவர் இருந்ததில்லை.

‘சர்’ எப்போதும் இயற்பெயரைத்தான் பிடித்துக்கொள்ளும். சர் ஐசக் நியூட்டன், சுருக்கினால் சர் ஐசக். ‘சர் நியூட்டன்’ ஆகாது. தமிழருக்கு இது பழகிய முறைதான், நாமும் ஆளை இயற்பெயரால்தான் அழைக்கிறோம். பெண் நைட்டுக்கு ‘டேம்’, அதே விதி.

நைட்டின் மனைவிக்கு விதி தலைகீழ்: ‘லேடி’யோடு கணவரின் குடும்பப் பெயர் மட்டும் வரும். சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியை யாழ்ப்பாணத்தில் லேடி லீலாவதி இராமநாதன் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பிரிட்டிஷ் முறைப்படி லேடி இராமநாதன். ‘லேடி’க்குப் பின் இயற்பெயர் வந்தால் அவர் டியூக், மார்க்வெஸ் அல்லது ஏர்லின் மகள். டயானாவின் தந்தை 1975இல் ஏர்ல் ஆனார்; அன்றிலிருந்துதான் அவர் லேடி டயானா ஸ்பென்சர்.

மார்கரெட் தாட்சர் வீட்டில் பல விதிகளையும் ஒருசேரப் பார்க்கலாம். 1990இல் கணவர் டெனிஸ் பாரனெட் ஆனார்; அந்த வழியில் இவர் லேடி தாட்சர் எனப்பட உரிமை வந்தது. 1992இல் சொந்தமாகவே ஆயுட்காலப் பாரனஸ் பட்டம் பெற்றார். டெனிஸ் 2003இல் இறந்ததும் மகன் சர் மார்க் ஆனார். தாயின் பட்டமோ 2013இல் அவரோடு முடிந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தரப்படும் ஆயுட்காலப் பட்டங்கள் எல்லாமே இப்படித்தான். எனவே இன்றைய பிரபு ஒருவரைப் பற்றி எழுதும்போது ‘பரம்பரைப் பிரபு’ என்று கை தானாக எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரச குடும்பத்துக்கு வருவோம். யார் இளவரசர் என்பதை ஐந்தாம் ஜார்ஜ் 1917இல் வரையறுத்தார்: அரசரின் பிள்ளைகள், மகன்வழிப் பேரப்பிள்ளைகள், வேல்ஸ் இளவரசரின் மூத்த மகனுடைய மூத்த மகன். வில்லியமின் பிள்ளைகள் அனைவருக்கும் பொருந்துமாறு 2012இன் கடைசி நாளில் இரண்டாம் எலிசபெத் அதை விரித்தார். 2019இல் பிறந்த ஹாரியின் மகன் ஆர்ச்சி இதற்குள் வரவில்லை. 2022 செப்டம்பர் 8 அன்று சார்லஸ் அரசரானதும் அவர் அரசரின் மகன்வழிப் பேரன் ஆனார், உரிமை தானாக வந்தது. பட்டத்தை யாரோ பறித்தார்கள், பிறகு கொடுத்தார்கள் என்று வந்த செய்திகளுக்கு அடிப்படை இல்லை. உண்மையில் இழந்தவர் சார்லஸின் தம்பி ஆண்ட்ரூ: 2025 அக்டோபர் இறுதியில் வந்த அரண்மனை அறிவிப்புக்குப் பின் அவர் ஆண்ட்ரூ மவுண்ட்பேட்டன் விண்ட்சர் மட்டுமே.

மணம் செய்து வந்தவருக்கு இயற்பெயரின் முன் ‘இளவரசி’ போடுவது முறையல்ல. கேத்தரின் வேல்ஸ் இளவரசி. ‘இளவரசி கேட் மிடில்டன்’ என்பதில் பட்டமும் கன்னிப்பருவப் பெயரும் முட்டிக்கொள்கின்றன. டயானாவுக்கும் இதே விதிதான். ஆனால் ‘இளவரசி டயானா’ உலகம் முழுக்க ஊன்றிவிட்டது; தலைப்பில் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, குடியுரிமை. பிரிட்டிஷ் அரசரைத் தங்கள் அரசராக ஏற்காத நாடுகளின் குடிமக்களுக்குக் கிடைப்பது கௌரவ நைட் பட்டம். அதற்குச் ‘சர்’ கிடையாது. பில் கேட்ஸுக்கு 2005இலும் ரத்தன் டாட்டாவுக்கு 2014இலும் கிடைத்தவை அவை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பிரிட்டிஷ் குடிமகனும் ஆவார், அதனால் 2012 முதல் சர் வெங்கி. சி.வி.ராமனுக்கு 1929இல் வந்ததும் முழுமையான ‘சர்’தான், அப்போது நாம் பிரிட்டிஷ் குடிகள்.

செய்தி மேசைக்கு ஒரு நடைமுறை: பெயர் வந்ததும் ஆண்டு, பட்டம் வந்த வழி (சொந்தமா, கணவராலா, தந்தையாலா), குடியுரிமை இம்மூன்றையும் பாருங்கள். ஐயம் தீராவிட்டால் ‘லண்டன் கெசட்’ அரசிதழில் தேடுங்கள். புத்தாண்டிலும் ஜூனில் அரசரின் அதிகாரபூர்வப் பிறந்தநாளிலும் அறிவிக்கப்படும் பட்டங்கள் அதில் வெளியாகின்றன. அதற்கும் நேரமில்லையென்றால் பட்டத்தை விட்டுவிட்டு முழுப்பெயரை மட்டும் போடுங்கள்.

நம் ஊர்ப் பட்டத்துக்கும் இதே கவனம் வேண்டும். அரசமைப்பின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னோ பின்னோ ஒட்டக்கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரவேற்புப் பதாகையில் எழுதுவோரைத் தடுக்க முடியாது. செய்தியில் ‘பத்மஸ்ரீ விருது பெற்ற’ என்றே எழுதலாம்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பிலும் மெய்ப்புப் பார்ப்பதிலும் இருக்கும் சிலர்