கடனைக் கட்ட வருகிறவர் கையில் முதலில் செட்டில்மெண்ட் கடிதத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்

இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2020இல் வேலை நின்றபோது கிரெடிட் கார்டில் 1,40,000 ரூபாய் வரை எடுத்துவிட்டேன். மாதம் மூன்றரை வட்டி, தாமதக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. இரண்டே வருடத்தில் 3,00,000 தாண்டிவிட்டது.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். வாங்கியவன் நான், மனசு ஒப்பவில்லை. வங்கியிடம் பேசித் தொகையைக் குறைத்து, அதைக் கட்டிக் கடனை முடிக்கலாம், அதாவது செட்டில்மெண்ட் செய்யலாம் என்று மனைவியின் நகையை விற்று 1,50,000 திரட்டினேன். கமிஷனுக்குப் பேசி முடித்துத் தருகிறோம் என்று சில ஏஜென்சிகள் கூப்பிட்டன. அந்தக் கமிஷனையும் கடனிலேயே கட்டிவிடலாமே என்று நானே பேசப் போனேன்.

யாரிடம் பேசுவது என்பதுதான் தெரியவில்லை. கிளையில் கேட்டால், கார்டு கணக்கு எங்களிடம் இல்லை என்றார்கள். போனில் மாதத்துக்கு ஒரு குரல். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள 1,20,000 கட்டுனா முடிச்சுக்கலாம் சார்." லெட்டர் அனுப்புங்க, உடனே கட்டறேன் என்பேன். "மொதல்ல கட்டுங்க, லெட்டர் பின்னாடி வரும்." எங்கள் கம்பெனி டெய்லர் ஒருவர் அப்படி நம்பித்தான் 40,000 கட்டினார். அடுத்த மாதம் வேறொரு ஏஜென்சி பேசியது. கட்டியதெல்லாம் வட்டிக்குப் போய்விட்டதாம், அசல் அப்படியே நிற்கிறதாம். நான் பயந்து, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பதினோரு மாதம் அலைந்தேன்.

கடைசியில் மக்கள் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. வங்கி அதிகாரி எனக்கு எதிரே உட்கார்ந்தார். எவ்வளவு குறைக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தோடு வந்திருந்தார். 1,35,000 ரூபாய், மூன்று தவணை. எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு எழுந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அந்தத் தீர்வு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அதே வங்கி, அதே கணக்கு. எதற்காக என்னைப் பதினோரு மாதம் அலைக்கழித்தார்கள்?

சமரசத் தீர்வுக்கு ஒவ்வொரு வங்கியும் இயக்குநர் குழு ஒப்புதலுடன் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூன் 8 அன்று சுற்றறிக்கை விட்டீர்கள். அந்தக் கொள்கை என்னைப் போன்றவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில், கடன் முடிந்து 30 நாளுக்குள் சொத்துப் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்றீர்கள். நல்ல உத்தரவு. ஆனால் பத்திரம் வைத்துக் கடன் வாங்க எங்களிடம் சொத்து ஏது? கார்டுக் கடனிலும் தனிநபர் கடனிலும் எங்களுக்குப் பத்திரம் என்றால் அந்த செட்டில்மெண்ட் கடிதம்தான்.

ஆகவே கேட்கிறேன். பணம் கட்டும் முன்பே கடிதம் கைக்கு வர வேண்டும். தொகை, கடைசித் தேதி, ஒப்புதல் தந்த அதிகாரியின் பெயர் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். அந்தத் தேதி முடியும்வரை கணக்கை வேறு ஏஜென்சிக்கு மாற்றக்கூடாது. கட்டி முடித்த 30 நாளுக்குள் நிலுவையில்லாச் சான்று தராவிட்டால் இதற்கும் நாள் கணக்கில் இழப்பீடு வேண்டும். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் முடித்த கடன் என்று பதிவாகும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். மகளின் கல்விக் கடனுக்கு நான் கையெழுத்துப் போடப் போன அன்றுதான் எனக்கு அது தெரிந்தது. அவள் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

வசூல் ஏஜென்ட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது என்று 2022இல் சொன்னீர்கள். அதற்குப் பிறகு என் வீட்டில் ராத்திரி போன் அடிப்பது நின்றது. நீங்கள் சொன்னால் நடக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்த டெய்லர் மறுபடி 60,000 சேர்த்து வைத்திருக்கிறார். யாரிடம் கொடுத்தால் கடன் முடியும் என்று நேற்றும் என்னிடம் கேட்டார்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு கட்டிங் மாஸ்டர்