ஆல்டர்ஷாட் கால்வாய்க்கரையில் ஒரு பலகை வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஆல்டர்ஷாட்டில் குடியிருக்கும் சமையலறைப் பணியாளர்
(பெயரும் முகவரியும் உறையின் மேல்)

பெறுநர்:
தலைமைச் செயல் அலுவலர் அவர்கள்,
ரஷ்மூர் பரோ கவுன்சில்,
ஃபார்ன்பரோ, ஹாம்ப்ஷயர்.

பொருள்: பேசிங்ஸ்டோக் கால்வாய்க்கரையில் மேடைப் பாடகி மிசஸ் பெர்சி நினைவாகப் பலகை வைக்கவும், பட்டாளத்துக்கு உழைத்த ஊர்ச்சனங்களின் கதையை நகரின் வரலாற்றுப் பலகைகளில் சேர்க்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலம் பேசுவேன், படிப்பேன். மனு எழுதும் அளவுக்குக் கை வராது. என் மகள் மொழிபெயர்த்து உடன் இணைத்திருக்கிறாள். அவள் நறுக்கென்று எழுதுவாள். நான் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்தது சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலை கண்டோன்மென்ட். என் ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்) பட்டாளத்து ஆபீசர்களின் துணி வெளுத்தவர். யார் துணி என்று அடையாளம் தெரிய, காலர் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் புள்ளியும் கோடுமாகக் குறி போடுவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நூறு வீட்டுத் துணியில் ஒன்றுகூட மாறாது. அந்தக் கண்டோன்மென்ட்டில் கல்வெட்டுகளுக்குக் குறைவில்லை. எதிலாவது ஒரு வண்ணார வீட்டுப் பெயர் இருக்குமா என்று சின்ன வயதில் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

இங்கிலாந்தில் இந்த ஆல்டர்ஷாட்டுக்கு வந்து இறங்கிய முதல் வாரமே இந்த ஊர் எனக்குப் புரிந்துவிட்டது. ஹை ஸ்ட்ரீட்டில் நின்றால் வடக்கே பட்டாளம், தெற்கே பஜார். வடக்கே போனால் குயின்ஸ் அவென்யூ போல அளவு நூல் பிடித்துப் போட்ட அகலச் சாலை, இருபுறமும் வரிசையாக மரம். தெற்கே வந்தால் நெருக்கமான தெரு, கடைக்கு மேல் வீடு. எங்கள் ஊரும் இதே கணக்குதான். வெயில் ஒன்றுதான் குறைச்சல்.

1851 கணக்கெடுப்பில் ஆல்டர்ஷாட்டில் இருந்தவர்கள் 875 பேர். தேவாலயமும் பண்ணை வீடுகளும் உள்ள சின்ன கிராமம், பக்கத்தில் விவசாயத்துக்கு உதவாத பொட்டல் வெளி. அந்தப் பொட்டல்தான் ராணுவத்தின் கண்ணில் பட்டது. 1854-இல் நிலத்தை வாங்கினார்கள். கிரைமியப் போர் நடந்துகொண்டிருந்த காலம்; மரக்குடில்கள் மளமளவென்று எழுந்தன. கால்வாய்க்கு இந்தப் பக்கம் தெற்கு முகாம், அந்தப் பக்கம் வடக்கு முகாம். பத்தே வருடத்தில், 1861 கணக்கில், ஆள்தொகை 16,000-ஐத் தாண்டிவிட்டது. அதில் சுமார் 9,000 பேர் சிப்பாய்கள். மீதிப்பேர்? ரொட்டி சுட்டவர்கள், பீர் ஊற்றியவர்கள், பூட்ஸ் தைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். ஊரில் ஏறக்குறைய பாதி அவர்கள்தான். அவர்களைப் பற்றித்தான் இந்த மனு.

பட்டாளத்தார் மறக்கப்படவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. டலவெரா, சாலமங்கா, படஹோஸ், கொருன்யா என்று எங்கோ ஸ்பெயினில் நடந்த சண்டைகளின் பெயரெல்லாம் இங்கே பாரக்ஸ்களுக்கு வைத்திருந்தார்கள். ஹோப் கிராண்ட் ரோடு, அலிசன்ஸ் ரோடு இரண்டும் இங்கே படைத்தலைமை வகித்தவர்களின் பெயர். இருவருமே 1857-இல் லக்னோவில் சண்டையிட்டவர்கள், அலிசன் அங்கே ஒரு கையை இழந்தவர். ரவுண்ட் ஹில் மேல் குதிரையில் உட்கார்ந்திருக்கும் வெலிங்டன் பிரபுவைச் சொல்லவே வேண்டாம். முப்பது அடி உயரம், சுமார் நாற்பது டன் வெண்கலம். 1846-இல் லண்டன் ஹைட் பார்க் கார்னர் வளைவின் மேல் தூக்கி வைத்தார்கள்; வளைவுக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கிறது என்று ஊரே சிரித்தது. கடைசியில் 1885-இல் எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். லண்டன் வேண்டாமென்று தள்ளியது எங்களுக்கு அழகாகத்தான் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் குதிரையின் வயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

ராணுவச் சிறையை ஆங்கிலத்தில் இன்றும் 'கிளாஸ்ஹவுஸ்' என்கிறார்கள் அல்லவா? அந்தச் சொல்லே இங்கிருந்து போனதுதான். இங்கிருந்த சிறைக்குக் கண்ணாடிக் கூரை. கட்டடம் போய்விட்டது, சொல் மட்டும் நின்றுவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1864-இல் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று வந்தது. சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் அதிகம், அதைத் தடுக்க வேண்டும் என்பது காரணம். சிப்பாயைப் பரிசோதிக்கவில்லை, பெண்ணைப் பரிசோதித்தார்கள். துறைமுகங்களும் பட்டாள நகரங்களுமாகச் சில ஊர்களைச் சட்டத்தில் பெயர் குறித்துச் சேர்த்தார்கள், ஆல்டர்ஷாட் அதில் ஒன்று. லண்டனிலிருந்து சாதாரண உடையில் வந்த போலீஸ்காரர் ஒருத்தியைப் பார்த்து 'இவள் அப்படிப்பட்டவள்' என்று சொன்னால் போதும். மருத்துவர் முன் போய்ப் படுக்க வேண்டும். மறுத்தால் ஜெயில். நோய் இருந்தால், 'லாக் ஆஸ்பத்திரி' எனப்பட்ட பால்வினை நோய் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் அடைப்பு. 1866-இலும் 1869-இலும் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். இடையில் 1868-இல் இதே பெயரில் இந்தியாவுக்கும் ஒரு சட்டம் போட்டார்கள். ஆல்டர்ஷாட்டில் நடந்தது என் ஊர்க்கதையும்தான் என்று நான் நினைப்பதற்கு அது ஒரு காரணம்.

மிசஸ் பெர்சி இந்த ஊரில் மேடைப் பாடகி. கணவரை இழந்தவர், பிள்ளைகளைப் பாடிக் காப்பாற்றியவர். ராத்திரி வேலை, வேலை முடிந்தால் வீட்டுக்குத் தெருவில் நடந்துதான் போக வேண்டும். போலீஸ் அவரையும் அவருடைய பெரிய மகளையும் பரிசோதனைக்கு வரச் சொன்னது. அவர் மறுத்தார். அதோடு விடவில்லை, பத்திரிகைக்குக் கடிதம் எழுதி நடந்ததைச் சொன்னார். அதன்பிறகு அவருக்கு இங்கே மேடை கிடைக்கவில்லை. 1875-இல் பேசிங்ஸ்டோக் கால்வாயில் அவர் உடல் மிதந்தது.

அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடிவந்த ஜோசஃபின் பட்லரும் அவரோடு இருந்த பெண்களும் இந்தச் சாவை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். 1883-இல் சட்டத்தை நிறுத்தி வைத்தார்கள், 1886-இல் அடியோடு நீக்கினார்கள். நாட்டின் சட்டம் மாறியதில் இந்த ஊரின் ஒரு சாவுக்குப் பங்கு உண்டு. நான் தினமும் அந்தக் கால்வாய்க்கரையில்தான் நடக்கிறேன். இரவு ஷிஃப்ட் முடிந்து, கையில் டிபன் பையோடு. பல வருடம் நடந்த பிறகு மகளின் கல்லூரிப் பாடத்தைக் கேட்டுத்தான் எனக்கே இது தெரிந்தது.

இன்னொரு பாடகியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹன்னா சாப்ளின். 1894-இல் இங்கே சிப்பாய்கள் கூடும் கேன்டீன் அரங்கில் பாடும்போது அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பட்டாளம் கூச்சல் போட்டு விரட்டியது. ஓரத்தில் நின்ற ஐந்து வயது மகனை மேடைக்குக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். பையன் பாடினான், காசு மழையாகக் கொட்டியது. உடனே பாட்டை நிறுத்திவிட்டு, முதலில் காசைப் பொறுக்கிக்கொள்கிறேன், அப்புறம் பாடுகிறேன் என்றான். அரங்கமே சிரித்தது. அவன்தான் சார்லி சாப்ளின். மகனுக்கு முதல் மேடை, தாய்க்குக் கடைசி மேடை, இரண்டும் ஒரே இரவு. இதை அவரே பின்னாளில் எழுதினார். மகனின் கதையை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். தொண்டை போன அந்த அம்மா அன்றிரவு எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கேம்பிரிட்ஜ் ராணுவ மருத்துவமனை 1879-இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு அறுவை மருத்துவர் ஹெரால்ட் கில்லீஸ் புது முகம் செய்துகொடுக்கத் தொடங்கியது 1916-இல் இங்கேதான். மறு வருடம்தான் சிட்கப் மருத்துவமனைக்குப் போனார். காயப்பட்டவர்களை நேரே தன்னிடம் அனுப்பும்படி தன் கைக்காசில் முகவரிச் சீட்டு வாங்கிப் போர்முனைக்கு அனுப்பினாராம். பிரான்சில் நடந்த சோம் சண்டைக்குப் பிறகு இருநூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்க, இரண்டாயிரம் பேர் வந்து இறங்கினார்கள். ஹென்றி டோங்க்ஸ் அந்த முகங்களை வரைந்து வைத்ததால் அவை நிலைத்தன. கஞ்சியைக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்த நர்ஸ்களையும், தாடை இல்லாதவன் விழுங்கும் பதத்துக்கு அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவர்களையும் வரைய ஆள் இல்லை. நான் சமையலறைக்காரி, என் யோசனை அங்கேதான் போகும். 1996-இல் மூடிய அந்த மருத்துவமனையை இப்போது வீடுகளாக மாற்றிவிட்டார்கள்.

1972 பிப்ரவரி 22-ஐயும் விட முடியாது. வட அயர்லாந்தின் டெர்ரியில் ஜனவரி 30 அன்று பாராசூட் படையினர் ஊர்வலத்தில் வந்தவர்களைச் சுட்டுக் கொன்றதற்குப் பழிவாங்க, அஃபிஷியல் ஐஆர்ஏ என்ற அயர்லாந்து ஆயுதக் குழு இங்கே அந்தப் படையின் ஆபீசர் மெஸ்ஸில் வெடிவைத்தது. செத்தது ஏழு பேர்: மெஸ்ஸில் வேலை பார்த்த ஐந்து பெண்கள், ஒரு தோட்டக்காரர், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். டெர்ரியில் செத்தவர்களும் சாதாரண ஜனம், இங்கே செத்தவர்களும் சாதாரண ஜனம். மதிய நேரம், தட்டும் கரண்டியும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும் நேரம். அந்த வேலையைச் செய்பவள் என்பதால் அதைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை.

இப்போதைய ஊருக்கு வருகிறேன். பாராசூட் படை கோல்செஸ்டருக்குப் போய்விட்டது. தெற்கு முகாமின் நிலத்தில் வெல்லஸ்லி என்ற பெயரில் 3,850 வீடுகள் கொண்ட புதுப் பகுதி எழுந்துகொண்டிருக்கிறது. ஆர்தர் வெல்லஸ்லி, வெலிங்டன் பிரபு ஆவதற்கு முன்னால் எங்கள் சென்னையில் வந்து இறங்கி, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரில் நின்றவர். அவருக்கு மலை மேல் சிலை இருக்கிறது, இப்போது ஒரு நகர்ப்பகுதியே இருக்கிறது. போதும் என்று நினைக்கிறேன். இனி வரும் தெருக்களில் ஒன்றிரண்டையாவது வேறு ஆட்களுக்குக் கொடுக்கலாம்.

பிரின்சஸ் கார்டன்ஸ் பெஞ்சுகளில் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். தொப்பியும் கோட்டுமாக நேபாளத் தாத்தாக்கள், பக்கத்தில் ஜபமாலை உருட்டியபடி பாட்டிகள். பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை செய்த நேபாளத்துக் கூர்க்கா வீரர்கள் 2009-க்குப் பிறகு இங்கே குடியேற வழி பிறந்தது. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பௌத்தர் விகிதம் மிக அதிகமாக இருந்த வட்டாரம் நம் ரஷ்மூர்தான். அந்தத் தாத்தாக்களுக்கு ராணுவ வரலாற்றில் இடம் இருக்கிறது. அவர்கள் எல்லை காத்த காலத்தில் மலைக்கிராமத்தில் மாடு மேய்த்துப் பிள்ளை வளர்த்து, எழுபது வயதில் இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்த பாட்டிகளுக்கு இல்லை. அந்தப் பாட்டிகளில் ஒருவர் என்னிடம் தினமும் கையைக் காட்டிச் சிரிப்பார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வார்ஃப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், கால்வாய்க்கரை நடைபாதையில், மிசஸ் பெர்சியின் பெயரோடு ஒரு பலகை வேண்டும். அவர் ஊர் தூற்றிய பெண் என்றோ பரிதாபத்துக்குரியவர் என்றோ எழுதாமல், பாடகி என்றும், மறுத்தவர் என்றும் எழுத வேண்டும். வெல்லஸ்லியிலும் பழைய முகாம் பகுதியிலும் இனி வைக்கும் பலகைகளில், எந்தப் படைப்பிரிவு எங்கே தங்கியது என்பதோடு, அவர்களுக்கு யார் சமைத்தார்கள், யார் துவைத்தார்கள், யார் பிரசவம் பார்த்தார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். பலகைகளில் ஆங்கிலத்தோடு நேபாளியும் இருந்தால் நல்லது. தமிழ் கேட்கவில்லை, நாங்கள் இங்கே கொஞ்சம் பேர்தான்.

செலவு என்று வந்தால், பலகைக்கு ஆகும் பணத்தில் ஒரு பங்கை வசூலித்துக் கொடுக்க எங்கள் வேலையிடத்தில் சிலர் தயாராக இருக்கிறார்கள். கையெழுத்துத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் ஒரு கைநாட்டும் உண்டு. அது நான் சொன்ன அந்த நேபாளப் பாட்டியுடையது. பேரன் விளக்கிச் சொல்லக் கேட்டு, தானே கேட்டு வாங்கி வைத்தார். அதைக் கணக்கில் தள்ளிவிட வேண்டாம்.

நேரில் கூப்பிட்டால் மகளோடு வருகிறேன். இரவு ஷிஃப்ட் என்பதால் காலை பதினொரு மணிக்கு மேல் எந்த நாளும் சௌகரியம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஆல்டர்ஷாட்