ஒரு காயம் பதிவேறியது: கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

கல்லடி, மட்டக்களப்பு.

அன்புள்ள உறவுகளுக்கு,

தம்பியின் டீடீ 215 (அமெரிக்கப் படைவிலகல் சான்றான டீடீ 214 இன் திருத்தத் தாள்) கைக்கு வந்துவிட்டது. ஒற்றைத் தாள்தான். அதில் மூன்றே விடயங்கள்: எதிரியால் காயப்பட்டவருக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம், கொம்பட் அக்‌ஷன் பட்ஜ் (எதிரியின் தாக்குதலை நேரடியாகச் சந்தித்தவருக்கான சின்னம்), ஈராக் களப் பதக்கத்துக்குரிய வெண்கல நட்சத்திரம். 2007 ஜூலையில் ஈராக்கில் அவர் ஓட்டிப்போன லொறிக்குப் பக்கத்தில் வீதியோரக் குண்டு வெடித்தது. அந்தக் காயம் இத்தனை வருடமும் அவருடைய அமெரிக்க இராணுவப் பதிவில் இல்லை. இப்போது இருக்கிறது.

பெயர் போட வேண்டாம் என்று தம்பியும் கேட்டார், உங்களில் பலரும் கேட்டீர்கள். ஆகவே யார் என்ன செய்து தந்தீர்கள், அது ஏன் பயன்பட்டது என்பதை மட்டும் எழுதுகிறோம். வெளிநாட்டுப் படையில் வேலை செய்த பிள்ளைகள் உள்ள வேறு குடும்பங்களுக்கும் இந்த விவரம் தேவைப்படலாம்.

முதல் நன்றி இளைப்பாறிய பிரதம லிகிதர் ஐயாவுக்கு. இப்படியான வேலையில் எல்லோரும் விடும் முதல் பிழை, உடனே மனு எழுதத் தொடங்குவது. "மனுவை வையுங்கோ, முதல்ல கோவையை எடுங்கோ" என்று மறித்தவர் அவர். அவர் சொன்னபடி, இராணுவப் பதிவுகளைக் கேட்கும் எஸ்.எப். 180 படிவத்தில்தான் வேலை தொடங்கியது. அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்தப் படை, எந்த ஆண்டு விலகியவர் என்று பார்த்தால் எந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டும். அதைப் பாராமல் எல்லாவற்றையும் சென் லூயிஸ் நகரில் உள்ள பதிவுகள் மையத்துக்கு அனுப்புவதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் வீணாகிறது. 2002 ஒக்டோபருக்குப் பிறகு தரைப்படையிலிருந்து விலகியவரின் ஆளணிக் கோவை கென்டக்கியில் போர்ட் நொக்ஸில் இருக்கும் மனிதவளக் கட்டளையகத்தின் பொறுப்பில் இருக்கிறது. மருத்துவக் கோவையின் வழி வேறு: 1992 ஒக்டோபர் 16 முதல் 2013 கடைசி வரை விலகியவர்களுடையது படைவீரர் விவகாரத் திணைக்களத்துக்குப் போயிருக்கும். ஒருவருடைய கோவைதான், ஆனால் இரண்டு இடத்தில் கிடக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிப் படிவம் வேண்டும். கையொப்பம் தம்பியே தன் கையால் வைத்து, திகதியும் போட்டிருக்க வேண்டும். கணினியில் அடித்த பெயர் கையொப்பமாகாது.

சென் லூயிஸில் 1973 ஜூலை 12 அன்று நடந்த தீயில் 1 கோடி 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோவைகள் அழிந்தன. ஆனால் தரைப்படையில் அது 1912 முதல் 1960 வரை விலகியவர்களைத்தான் பாதித்தது. ஈராக் போனவர்களின் பதிவு இல்லாமல் போவதற்குக் காரணம் வேறு. பல படையணிகள் களத்தில் எழுதிய பதிவுகளை ஒழுங்காகப் பேணவில்லை, கணினி வட்டுகளை அழித்துவிட்டே நாடு திரும்பின. ஆகவே "கோவையில் இல்லை" என்று பதில் வந்தால் சம்பவமே நடக்கவில்லை என்று பொருளில்லை. ஐயா இதை எத்தனையோ தரம் சொல்லித்தான் அம்மாவைத் தேற்றினார்.

அடுத்தது தம்பியோடு அதே கொன்வோயில் (வாகனத் தொடரணியில்) போன இரண்டு தோழர்களுக்கு. நீங்கள் தமிழ் வாசிக்கமாட்டீர்கள், ஆனால் உங்களுக்கு இதை வாசித்துக் காட்ட ஆள் இருக்கிறது. உங்கள் வாக்குமூலங்கள் பலமானதற்குக் காரணம், கண்டதை மட்டும் எழுதியது. லொறி வரிசையில் எத்தனையாவது, குண்டு எந்தப் பக்கம், தம்பி எவ்வளவு நேரம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார், யார் கதவைத் திறந்து இழுத்தது, அன்று எந்த முகாமுக்குக் கொண்டுபோனது. "அவர் நல்ல வீரர், பதக்கத்துக்குத் தகுதியானவர்" என்ற ஒரு வசனமும் இல்லை. பர்ப்பிள் ஹார்ட் மற்றப் பதக்கங்களைப்போல மேலதிகாரியின் சிபாரிசில் கிடைப்பதில்லை. நிபந்தனை நிறைவேறினால் அது உரிமை. ஆகவே புகழ்ச்சிக்கு அங்கே வேலையில்லை.

நிபந்தனைகள் மூன்று. காயம் எதிரியின் செயலால் வந்திருக்க வேண்டும். மருத்துவ அதிகாரி சிகிச்சை தந்திருக்க வேண்டும், அல்லது அப்படியான சிகிச்சை தேவைப்பட்ட காயம் என்றாவது இருக்க வேண்டும். அது உத்தியோகபூர்வப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். தம்பிக்கு இரத்தம் சிந்தவில்லை, வெடி அதிர்வில் மூளைதான் குலுங்கியது. இப்படியான காயத்துக்கு நினைவு தப்பியிருக்க வேண்டும், அல்லது அறிகுறி நீடித்ததால் 48 மணித்தியாலத்துக்கு மேல் முழு வேலைக்கு விடப்படாமல் இருந்திருக்க வேண்டும். 2011 இல் தரைப்படை இந்த விதியைத் தெளிவாக்கியது. அதற்கு முந்திய காலத்தில் காயப்பட்டவர்கள்தான் இப்படி விடுபட்டுப் போனவர்களில் அதிகம். வெளியே ஒரு கீறலும் இல்லாத மனிதருக்கு யார் பதக்கம் எழுதுவார்கள்?

இங்கேதான் அந்த பிசிஷியன் அசிஸ்டன்டுக்கு (நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் அதிகாரம் பெற்றவர்) நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மெடிக் எனப்படும் களச் சிகிச்சையாளர் பார்த்தார் என்பது மட்டும் போதாது. மெடிக் எழுதிய அட்டை கிடைத்தபோது அதில் "தலையிடி, தலைச்சுற்று, ஓய்வு" என்றுதான் இருந்தது. அன்று முகாமில் பொறுப்பாக இருந்தவரை நண்பர்கள் தேடிப்பிடித்தார்கள். அவர் ஒரு பக்கத்தில், தானே பரிசோதித்ததாகவும், மூன்று நாள் வாகனம் ஓட்ட விடவில்லை என்றும், அதற்கான காரணம் என்ன என்றும் எழுதித் தந்தார். அந்த மூன்று நாள்தான் 48 மணித்தியாலத்தைத் தாண்டிய ஆதாரம். எஸ்.எப். 600 என்ற தொடர் மருத்துவத் தாளில் இரண்டாம் நாள் வருகை பதிவாகியிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கின.

படைவீரர் விவகாரத் திணைக்களத்தின் ஊனக் கணிப்புக் கடிதத்தை முன்னால் வைத்தால் போதும் என்று பலர் யோசனை சொன்னீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள். ஆனால் அந்தக் கடிதம் காயம் சேவையில் வந்தது என்று சொல்லும், எதிரியால் வந்தது என்று சொல்லாது. அதைக் கடைசி இணைப்பாக மட்டும் வைத்தோம்.

தோழர்களின் வாக்குமூலத்தை நொத்தாரிசிடம் கொண்டுபோக வேண்டுமா, நாங்கள் கொழும்புக்குப் போய் அமெரிக்கத் தூதரகத்தில் சத்தியம் செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு வழி காட்டிய சட்டத்தரணி அக்காவுக்கு நன்றி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் சத்தியம் செய்யாத பிரகடனத்துக்கும் பெறுமதி உண்டு. பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வசனமும், திகதியும், கையொப்பமும் இருந்தால் சரி. ஒன்றை மறக்கக்கூடாது: அமெரிக்காவுக்கு வெளியே இருந்து கையொப்பம் வைப்பவர் அந்த வசனத்துக்குள் "ஐக்கிய அமெரிக்காவின் சட்டங்களின் கீழ்" என்ற சொற்களையும் சேர்க்க வேண்டும். அங்கே இருப்பவருக்கு அது தேவையில்லை. தம்பியின் தாளிலும் அம்மாவின் தாளிலும் அதைச் சேர்த்தோம். கொழும்புப் பயணம் மிச்சமானது.

இனிப் பெயர் விடயம். எங்கள் ஆட்களுக்கு இதுதான் பெரிய பள்ளம். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்கிறது. அமெரிக்கப் படிவத்தில் அது கடைசிப் பெயராகிவிடும். தம்பியின் தகப்பன் பெயர் ஆங்கிலத்தில் 16 எழுத்து. மெடிக் அவசரத்தில் முதல் ஐந்து எழுத்தோடு நிறுத்திவிட்டார், ஆளணிக் கோவையிலோ முழுப் பெயரும் இருந்தது. வாசிப்பவருக்கு அது வேறோர் ஆள். இதைத் தீர்க்க மூன்று கடதாசி சேர்த்தோம்: பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் வைத்த சத்தியக் கடதாசி, கிராம சேவகரின் வதிவிடச் சான்று. மெடிக்கின் அட்டையில் இருந்த சமூகப் பாதுகாப்பு இலக்கத்தின் கடைசி நான்கு இலக்கங்களைச் சத்தியக் கடதாசியிலும் எழுதியதுதான் கண்ணியைப் பூட்டியது. கிராம சேவகர் மிஸ், சமாதான நீதவான் ஐயா, இருவரும் ஒரு சதமும் வாங்கவில்லை.

அம்மாவின் பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. அதற்குள் தம்பி அந்த நாட்களில் எழுதிய தமிழ்க் கடிதம் இருந்தது. கோடு போட்ட மஞ்சள் தாள், நீலப் பேனை. முதல் நான்கு வரி நேராகப் போகிறது, ஐந்தாம் வரியிலிருந்து எழுத்து கீழே சரிகிறது. "காது கூவிக்கொண்டே இருக்குதம்மா. மூண்டு நாள் வாகனம் எடுக்க விடேல்ல" என்று ஒரு வரி. உறையில் இராணுவ அஞ்சலக முத்திரை. பதக்கம், திருத்தம் என்ற நினைப்பே இல்லாத நாளில் எழுதிய கடிதம் அது. பல வருடம் கழிந்து நினைவிலிருந்து எழுதும் பத்துப் பக்கத்தைவிட அப்போதே எழுதிய ஒரு வரிக்கு நிறை கூட. அம்மா, உறையையும் எறியாமல் வைத்திருந்தீர்களே, அதற்குத்தான் தனி நன்றி.

அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் சேர் ஒரு விபத்தைத் தடுத்தார். கடிதத்தின் தலையில் 9/7 என்று இருந்தது. எங்களுக்கு அது ஜூலை 9. அமெரிக்கர் வாசித்தால் செப்டம்பர் 7, சம்பவம் நடந்து இரண்டு மாதம் கழித்து எழுதியதாகிவிடும். அவர் மாதத்தை எழுத்தில் எழுதி, மூலத்தில் எப்படி இருந்தது என்று அடிக்குறிப்பும் போட்டார். இராணுவத் தாள்களில் ஆண்டு, மாதம், நாள் என எட்டு இலக்கமாகத் திகதி வரும். மூன்று முறைகளும் ஒரே கட்டில் கலந்து கிடந்தால் பிழை நிச்சயம். ஆகவே முன்பக்கத்தில் ஒரு திகதி அட்டவணை செய்து வைத்தோம்.

விண்ணப்பத்தின் ஒழுங்கு இதுதான். முதலில் மனிதவளக் கட்டளையகத்தின் பதக்கப் பிரிவுக்குக் கேட்க வேண்டும். டீடீ 214, களத்துக்கு அனுப்பிய கட்டளை, மருத்துவத் தாள், நேரில் கண்ட இருவரின் வாக்குமூலம், ஒரு பக்க விவரம் என்பன அதற்கு வேண்டும். அந்தப் படியைத் தாண்டாமல் இராணுவப் பதிவுத் திருத்தச் சபைக்குப் போனால் சபை திருப்பிவிடும். பதக்கப் பிரிவில் சரிவராவிட்டால்தான் டீடீ 149, அதாவது சபைக்கான விண்ணப்பப் படிவம். பிழையை அறிந்து மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் நீதியின் நலன் கருதி அதை மன்னிக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. படிவத்தில் தாமதத்துக்கான கட்டத்தை வெறுமையாக விடாமல், மருத்துவக் கோவை எப்போது கைக்கு வந்தது என்று காரணம் எழுதுங்கள். சபையில் இருப்பவர்கள் குடியியல் ஆட்கள், வழக்கொன்றுக்கு மூவர். அவர்கள் தாமாக ஆதாரம் தேடமாட்டார்கள். அரசின் பதிவு சரி என்ற ஊகத்தோடுதான் கோவையைத் திறப்பார்கள். அதை அசைப்பது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. பத்து மாதத்துக்குள் பெரும்பாலானவற்றையும், 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிப்பது சட்டம் வைத்த இலக்கு. அதுவரை அடிக்கடி கடிதம் போட்டுக் கேட்பதால் எதுவும் விரைவாகாது. வீட்டு முகவரி மாறினால் மட்டும் அறிவியுங்கள்.

கொம்பட் அக்‌ஷன் பட்ஜ் 2005 இல் உருவானது, 2001 செப்டம்பர் 18 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பொருந்தும். காலாட்படைக்கு வேறு சின்னம் உண்டு. லொறி ஓட்டிகள், சமையற்காரர், மெக்கானிக் போன்றவர்களுக்குத்தான் இது. அதே இரண்டு வாக்குமூலம் இதற்கும் போதுமாக இருந்தது. வீரச் செயலுக்கான பதக்கமும் கேட்கலாமே என்று சிலர் ஆசைப்பட்டீர்கள். அதற்குச் சிபாரிசு வேண்டும், காலம் கடந்ததென்றால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர் மூலம் போக வேண்டும். இதோடு அதைக் கலந்திருந்தால் இதுவும் இழுபட்டிருக்கும்.

கொமினிகேஷன் கடைத் தம்பி, நீங்கள் மெடிக்கின் அட்டையை நிறத்தோடு 300 டீபீஐயில் ஸ்கேன் பண்ணியதால்தான் மங்கிய பென்சில் எழுத்து தெரிந்தது. கறுப்பு வெள்ளைக் கொப்பியில் அது வெற்றுத் தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இலக்கம் போட்டு, மூலத்தை அனுப்பாமல் கொப்பியை மட்டும் அனுப்ப வைத்ததும் நீங்கள்தான். மூலம் போனால் திரும்பி வராது.

ஊரில் ஒரு கேள்வி இருந்தது: அந்நிய நாட்டுப் படையில் பட்ட காயத்துக்கு நாங்கள் ஏன் ஓடித் திரிய வேண்டும்? கேட்டவர்கள் மேல் வருத்தமில்லை. இந்த மண்ணில் காயப்பட்டு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் இருக்கும் ஆட்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால்தான் கிளினிக் கொப்பியையும் ஆஸ்பத்திரித் துண்டையும் எறிய வேண்டாம் என்று இப்போது எல்லா வீட்டிலும் சொல்கிறோம். தம்பிக்கு இன்றும் வெயிலில் நிற்க முடியாது. பதக்கம் மாதாந்தம் காசு தராது. சேவையில் வந்ததென ஏற்கப்பட்ட காயத்துக்கு இங்கே எடுக்கும் வைத்தியச் செலவைக் கேட்க, விவகாரத் திணைக்களத்தின் வெளிநாட்டு மருத்துவத் திட்டம் தனியாக இருக்கிறது. அடுத்த வேலை அந்தப் படிவம்.

அம்மாவின் கடிதம் திரும்பவும் டின்னுக்குள் போய்விட்டது, இந்தத் தரம் பிளாஸ்டிக் உறைக்குள். கடற்கரை உப்புக் காற்றில் தாள் பொருமும். டீடீ 215 பழைய டீடீ 214 ஐ மாற்றாது, அதோடு சேர்த்துத்தான் எப்போதும் காட்ட வேண்டும் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். லமினேட் பண்ணித் தருகிறோம் என்று அன்போடு கேட்டவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம்.

மிகுந்த நன்றியுடன்,
தம்பியின் வீட்டாரும், கடதாசி வேலையில் கூட நின்ற அயலவரும்