ஐந்தாம் நாளும் இறங்காத காய்ச்சலுக்கு உடம்பைத் தேடிப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலக் காய்ச்சல்கள் பற்றித் தங்கள் இதழின் குமரி மாவட்டப் பக்கங்களில் வந்த கட்டுரை டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால் புதர்ச் சிற்றுண்ணி பரப்பும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. மூன்றும் ஒரே பருவத்தில், ஒரே மாதிரி தலைவலியோடும் உடம்புவலியோடும் தொடங்குகின்றன. விலை குறைந்த ஒரு மாத்திரையால் பெரும்பாலும் இரண்டே நாளில் அடங்கக்கூடியது ஸ்க்ரப் டைபஸ். காலம் தாழ்த்தினால் அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் பிடிக்கும். அந்தக் குறையை நிரப்பவே இக்கடிதம்.

இந்நோயைப் பரப்புவது மாட்டிலும் நாயிலும் காணும் பெரிய உண்ணி அல்ல. புதர் மண்ணில் வாழும் ஒரு சிற்றுண்ணியின் இளம்புழு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் அது கண்ணுக்குப் படாது, கடித்தாலும் வலிக்காது. 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்ற கிருமி தாய்ப்பூச்சியின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுவதால், ஒரு புதர்ப்பகுதி ஒருமுறை தொற்றுள்ளதாகிவிட்டால் வருடக்கணக்கில் அப்படியே நீடிக்கும். பருவமழை இரண்டும் கிடைக்கும் நம் மாவட்டத்தில் இத்தகைய இடங்களுக்குப் பஞ்சமில்லை. அருமனை, குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மரத்தடியில் மண்டும் கொடிகள், ஊடுபயிராக வைத்த அன்னாசி, ஆள் இறங்காமல் காடு பிடித்துக் கிடக்கும் விளைகள், தோவாளைப் பக்கத்துக் கால்வாய்க் கரைகள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், ஆட்டுக்குத் தழை ஒடிப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், நூறு நாள் வேலையில் புதர் வெட்டுபவர்கள் ஆகியோருக்குக் காய்ச்சல் வந்தால், "மூன்று வாரத்துக்குள் புதரில் இறங்கினீர்களா?" என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். கடித்த பிறகு காய்ச்சல் வர பெரும்பாலும் 6 முதல் 21 நாள் ஆகும் என்பதால் நோயாளி தாமாக அதைத் தொடர்புபடுத்திச் சொல்லமாட்டார்.

இது எங்கோ ஒரு மூலையில் தலைகாட்டும் நோய் என்ற எண்ணம் இனி செல்லாது. தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2025-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. ஆண்டுதோறும் கிராம மக்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இக்கிருமி தொற்றுகிறது என்று அது காட்டியது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. ஆனால் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்களிடம் அடிக்கடி கண்ட காரணங்களில் இதுவும் ஒன்று. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் ஆண்டுதோறும் குழந்தைகளைப் பலி கொண்ட மூளைக்காய்ச்சலில் பெரும்பங்கு ஸ்க்ரப் டைபசால் வந்தது என்று தெரியவந்ததும் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள்தான்.

நோயைக் கண்டுபிடிக்க மிகச் சிறந்த கருவி மருத்துவரின் கண். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கும் அதைச் சுற்றிச் சிவந்த விளிம்பும் இருக்கும். அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அகலம். வலியும் அரிப்பும் இல்லாததால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது. அது இருக்கும் இடங்களும் மறைவானவை: அக்குள், தொடையிடுக்கு, விதைப்பை, மார்பகத்தின் அடி, பாவாடை நாடா அல்லது கைலி இறுகும் இடுப்பு, தொப்புள், முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம், தலைமுடிக்குள். சட்டையைக் கழற்றாமல் நாடி பார்த்து அனுப்பினால் இது ஒருநாளும் கண்ணில் படாது. அக்குளும் தொடையிடுக்கும் ஈரமான இடங்கள் என்பதால் அங்கே கறுப்புப் பொருக்கு கட்டாமல் மேலோட்டமான மஞ்சள் நிறப் புண்ணாகவே இருந்துவிடும். கறுப்பைத் தேடுகிறவர்கள் அதைத் தவறவிடுவது இதனால்தான். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் அந்தப் பகுதியை இன்னும் கவனமாகப் பார்க்கலாம். பெண்களைப் பரிசோதிக்கத் தனியறையும் ஒரு செவிலியரும் வேண்டும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இது கஷ்டம் என்பது உண்மை. ஆனாலும் ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலுக்காவது இதைச் செய்தே ஆக வேண்டும். புண் தெரிந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. தெரியாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, பலருக்கு அது இருப்பதே இல்லை.

இரத்தப் பரிசோதனையில்தான் நாட்கள் வீணாகின்றன. இரத்தத்தில் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனை முதல் வாரம் முடியும் தறுவாயில்தான் நம்பும்படியாகப் பாசிட்டிவ் ஆகும். மூன்றாம் நாள் எடுத்து 'நெகட்டிவ்' என்று வந்தால் அதற்குப் பொருளே இல்லை. பழைய தொற்றால் அது மாதக்கணக்கில் பாசிட்டிவாக நீடிக்கவும் செய்யும். இந்நோய்க்கான பழைய முறையான வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனை பல நோயாளிகளைத் தவறவிடும். எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது டைபாய்டுக்காக எடுக்கும் ஒற்றை வைடல் பரிசோதனை. நம் ஊர்களில் அது பொய்யாகப் பாசிட்டிவ் ஆவது சாதாரணம். உடனே 'டைபாய்டு' என்று எழுதி செஃப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கிவிடுகிறார்கள். செல்லுக்குள்ளேயே வாழும் ஓரியன்ஷியாவுக்கு, பென்சிலினும், செஃப்ட்ரியாக்சோன் சேர்ந்த செஃபலோஸ்போரின் வகை மருந்துகளும் தாக்குகிற வகையான செல்சுவர் முறையாக இல்லை. ஊசி ஐந்து நாள் போனாலும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. இதற்கிடையே பிளேட்லெட் குறைந்தால் 'டெங்கு' என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

பொதுவான பரிசோதனைகளே ஓரளவு வழி காட்டும். டெங்குவில் வெள்ளை அணுக்கள் குறையும், முதல் ஐந்து நாளில் டெங்கு கிருமியின் புரதத்தைக் காணும் என்.எஸ்.1 பரிசோதனை பாசிட்டிவ் வரலாம். எலிக்காய்ச்சலில் கண் சிவந்து, கெண்டைக்கால் அமுக்கினாலே வலிக்கும். மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தும் கல்லீரல் நொதிகள் அதிகம் உயராது, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் ஏறும். ஸ்க்ரப் டைபசில் வெள்ளை அணுக்கள் சரியாகவோ கூடுதலாகவோ இருக்க, பிளேட்லெட் குறைந்து, கல்லீரல் நொதிகள் நடுத்தரமாக உயர்ந்திருக்கும். இவை எதுவும் முடிந்த முடிவல்ல. ஒருவருக்கே இரண்டு நோய் சேர்ந்து வருவதும் உண்டு.

ஆகவே சந்தேகம் வந்தவுடன், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், முன்பு சொன்ன விலை குறைந்த மாத்திரையான டாக்சிசைக்ளினைத் தொடங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. 45 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு 100 மில்லிகிராம் காலையும் இரவுமாக 7 நாள். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4.5 மில்லிகிராம், இரு வேளையாகப் பிரித்து. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் நாளொரு முறை 5 நாள். சிறு குழந்தைகளின் பல் கறைபடும் என்று டாக்சிசைக்ளினைத் தவிர்க்கும் வழக்கம் பழைய டெட்ராசைக்ளினிலிருந்து வந்தது. குறுகிய கால டாக்சிசைக்ளினால் அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. லேசான எலிக்காய்ச்சலுக்கும் இதே மாத்திரை கேட்கும் என்பது நம் மாவட்டத்துக்குக் கூடுதல் நன்மை.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தபடி ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மறுநாள் நெஞ்சு எரிகிறது என்று மருந்தையே நிறுத்திவிடுவார்கள். பால், இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்கியதும் நிறுத்தக் கூடாது, நோய் திரும்பும். 72 மணி நேரமாகியும் இறங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்.

தீவிர நோயில் சமீபத்திய மாற்றம் ஒன்று உண்டு. இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் உறுப்புப் பாதிப்போடு வந்த 794 நோயாளிகளிடம் நடந்த 'இன்ட்ரெஸ்ட்' ஆய்வு 2023-இல் மேற்சொன்ன அதே இதழில் வெளியானது. டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவாக 7 நாள் நரம்பு வழியாகக் கொடுத்தார்கள். 28 நாளுக்குள் மரணம், 7-ஆம் நாளிலும் நீங்காத சிக்கல், 5-ஆம் நாளிலும் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், ஒற்றை மருந்துப் பிரிவுகளில் முறையே 47, 48 சதவீதம். சேர்த்துக் கொடுத்ததில் 33 சதவீதம். இரு மருந்துகளும் கிருமியின் ரைபோசோமில் (புரதம் உண்டாக்கும் உறுப்பு) வெவ்வேறு பகுதிகளைப் பிடித்துப் புரத உற்பத்தியைத் தடுப்பது இதற்கு ஒரு விளக்கம். ஆனால் மரணத்தில் மட்டும் மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காலம் கடந்து வந்தவரை எந்த ஜோடி மருந்தாலும் முழுதாக மீட்க முடியாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இந்த ஆய்வைக் காட்டி லேசான காய்ச்சலுக்கும் இரண்டு மருந்தும் எழுதுவது தவறு. அசித்ரோமைசினைக் கண்டபடி செலவழித்தால் நாளை டைபாய்டுக்கு அது கேட்காமல் போகும்.

மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், இரத்த அழுத்தம் இறங்குதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, தீவிர சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். விழுங்க முடிந்தவருக்கு 108 வண்டி வருமுன்னே முதல் டாக்சிசைக்ளினைக் கொடுத்துவிடலாம். வாய்வழி எடுத்தாலும் அது நன்றாகவே உடலில் சேரும். குளுக்கோஸ் பாட்டிலை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவது ஆபத்து. இந்நோயில் இரத்தக்குழாய்கள் கசியும், மிகுதியான நீர் நுரையீரலில்தான் போய்ச் சேரும். காய்ச்சலை உடனே இறக்க ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன், வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக் ஊசி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கமும் நிற்க வேண்டும். முன்னது நோயை மறைக்கும், பின்னது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தடுப்பூசி இல்லை. முழுக்கைச் சட்டையும் காலை மூடும் உடையும் அணிந்து, கணுக்காலிலும் காலணி விளிம்பிலும் டீட் என்ற வேதிப்பொருள் கலந்த பூச்சி விரட்டி தடவிப் புதரில் இறங்குவது, வீடு திரும்பியதும் உடுப்பை மாற்றிச் சோப்புத் தேய்த்துக் குளிப்பது, துவைத்த துணியைப் புல்லிலும் செடியிலும் காயப்போடாமல் இருப்பது ஆகியவையே பாதுகாப்பு.

மாவட்ட நலவாழ்வுத் துறைக்குத் தங்கள் வழியாக இரண்டு வேண்டுகோள். காய்ச்சல் முகாம்களில் மறைவான பரிசோதனைக்கு ஒரு தடுப்புத் திரையேனும் வைக்க வேண்டும். ஆய்வகங்களுக்கு அனுப்பும் காய்ச்சல் பரிசோதனைச் சீட்டில் 'காய்ச்சலின் எத்தனையாவது நாள்' என்பதற்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அந்த எண் இல்லாமல் வருகிற எலைசா முடிவை வைத்து எந்த மருத்துவராலும் சரியாகத் தீர்மானிக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்,
தக்கலை