டாட்சு அடங்கிப்போனவர் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகள் பற்றிய கட்டுரையில் ‘தி வே ஆஃப் தி ஹவுஸ்ஹஸ்பெண்ட்’ தொடரைப் ‘பெண்டாட்டிக்கு அடங்கிப்போன ரவுடியின் கதை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நாலு அத்தியாயம் படித்தவர்கூட அப்படிச் சொல்லமாட்டார்.

கோசுகே ஓனோ 2018-இல் தொடங்கிய தொடர் இது. எதிர்க் கும்பல்களை நடுங்கவைத்த யகுசா (ஜப்பானியக் குற்றக் கும்பல்) ஆள் டாட்சு, தொழிலை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வேலைக்குப் போகிற மனைவி மிக்குவுக்கு வீட்டு வேலை சுட்டுப்போட்டாலும் வராது. மிக்கு மிரட்டுவதும் இல்லை, டாட்சு பயப்படுவதும் இல்லை. டாட்சுவுக்கு முகத்தில் தழும்பு, கறுப்புக் கண்ணாடி, நாய்ப் படம் போட்ட ஏப்ரன். மனைவி மறந்துவிட்டுப் போன மதியச் சாப்பாட்டைக் கொடுக்க இந்தக் கோலத்தில் சைக்கிளை மிதிக்கிறார்; போலீஸ் மடக்குகிறது. சிரிப்பு வருவது போலீஸின் சந்தேகத்தைப் பார்த்து. ஆம்பளை சோறு கட்டிக்கொண்டு போகிறாரே என்று யாரும் சிரிப்பதில்லை.

புருஷன் பாத்திரம் தேய்த்தாலே ஜோக் என்று பழகிப்போன நமக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடாதுதான். துணியில் கறை பட்டால் டாட்சு ஆளைத் தீர்த்துக்கட்டப் போகிறவர் மாதிரியே பேசுவார். ஆனால் கறை நிஜமாகவே போய்விடும். வேலையை ஓனோ ஓரிடத்திலும் மட்டமாகக் காட்டவில்லை. (இதே வேலையை இத்தனை காலமும் செய்துவரும் பெண்களை வைத்து யாரும் இப்படி ஒரு மங்கா போட்டு நான் பார்த்ததில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அது வேறு கதை.)

கட்டுரை தொடாத இன்னொன்றும் இருக்கிறது. டாட்சுவின் பழைய எதிரி டோராஜிரோ வண்டியில் கிரேப் (மெல்லிய தோசை மாதிரி இனிப்புப் பண்டம்) சுட்டு விற்கிறார். முன்னாள் தலைவரின் மனைவி ஹிபாரி சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. நிஜ ஜப்பானில் இது அவ்வளவு சுலபம் இல்லை. 2011-க்குள் எல்லா மாகாணங்களிலும் யகுசா விலக்கு விதிகள் வந்துவிட்டன. கும்பலில் இருப்பவருக்கு வங்கிக் கணக்கு கிடையாது, செல்போன் கிடையாது, வாடகைக்கு வீடும் கிடைக்காது. விலகி வந்தாலும் பொதுவாக ஐந்து வருடம் கும்பல்காரராகவே நடத்துவார்கள். கணக்கு இல்லாதவருக்குச் சம்பளம் எப்படிப் போடுவது? யார் வேலை கொடுப்பார்கள்? 1963-இல் சுமார் 1,84,000 பேர் இருந்த யகுசா, 2024 முடிவில் 18,800 ஆகிவிட்டது என்கிறது ஜப்பான் போலீஸ். விலகியவர்கள் எங்கே போய்ப் பிழைப்பது என்ற கேள்வியை ஓனோ நேரடியாகக் கேட்பதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் டாட்சுவைத் தங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் ரொம்பப் பிடிக்கும்.

2020-இல் சிறந்த நகைச்சுவை வெளியீட்டுக்கான ஐஸ்னர் விருது (படக்கதைகளுக்கான அமெரிக்க விருது) இதற்குத்தான் கிடைத்தது. அதையாவது ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அடுத்த வருடம் நெட்ஃபிளிக்ஸில் வந்த அனிமேவை (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருந்தால், சரி, கட்டுரையாளர்மீது பாதிக் கோபம்தான். அதில் படங்கள் பெரும்பாலும் அசைவதே இல்லை. டாட்சுவுக்குக் குரல் கொடுத்த கெஞ்சிரோ சுடாதான் தனி ஆளாகத் தூக்கி நிறுத்துகிறார். ஆங்கிலத்தில் விஸ் மீடியா பதிப்பகம் புத்தகமாகவே போட்டிருக்கிறது. கட்டுரையாளருக்கு முதல் தொகுதியையாவது வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.