சனிக்கிழமை படம் போடுகிறோம்: பதினோராம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வரலாற்றுப் பிரிவுப் பிள்ளைகளுக்கு 'குளோரி' படம் போடுகிறோம். எட்வர்ட் ஸ்விக் இயக்கி 1989-இல் வந்தது, அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பு கறுப்பினத்தவரைக் கொண்டு திரட்டிய 54-ஆவது மாசச்சூசெட்ஸ் படைப்பிரிவின் கதை. விஷயம் தெரிந்ததுமே ஒரு அப்பா போன் செய்து, "சார், பரீட்சை நேரத்தில் சண்டைப் படமா?" என்றார். நியாயமான கேள்விதான். அதுவும் போக, அமெரிக்காவிலேயே இதற்கு 'ஆர்' சான்றிதழ், 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க வேண்டும். அதனால்தான் வழக்கமான சர்க்குலரோடு விடாமல் இதை எழுதுகிறேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ரத்தம் உண்டு, கெட்ட வார்த்தைகளும் இனவெறி வசவுகளும் நிறைய உண்டு. என்னைத் தூங்கவிடாதது அவை அல்ல, ஒரு சவுக்கடி. முகாமை விட்டு ஓடினான் என்று டிரிப் என்ற சிப்பாயைப் பிடித்து வருகிறார்கள், சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் அடிமைக்காலத்துப் பழைய தழும்புகள், அதன்மேலேயே மறுபடி அடி விழுகிறது, டிரிப்பாக நடிக்கும் டென்சல் வாஷிங்டன் கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு இறங்குகிறது, அவ்வளவுதான். அவன் போனது ஷூ தேடி என்பது அப்புறம்தான் தளபதி ராபர்ட் ஷாவுக்குத் தெரிகிறது. (இந்த வேடத்துக்குத்தான் வாஷிங்டனுக்குத் துணை நடிகர் ஆஸ்கர் கிடைத்தது.)

ஆனால் நம் பிள்ளைகள் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வடக்கு ராணுவத்தில் சவுக்கடியை 1861-லேயே தடை செய்துவிட்டார்கள். படத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் தப்பிவந்த அடிமைகள், உண்மையில் அந்தப் படைப்பிரிவில் பெரும்பாலோர் சுதந்திரமாகப் பிறந்த வடக்கத்திக்காரர்கள். அடிமை ஒழிப்புத் தலைவர் பிரெடரிக் டக்ளஸின் மகன்களில் இருவர் அதில் இருந்தார்கள், படத்தில் அவர்களைக் காணோம். இதையெல்லாம் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்றுதான் படத்துக்கு முன்னால் வரலாற்று ஆசிரியர் ஒன்றும் சொல்லப்போவதில்லை, நீங்களும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

சம்பளக் காட்சியை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கென்று 3 பிடித்தம். படத்தில் சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடுவதோடு முடிகிறது. நிஜத்தில் அவர்கள் ஒரு வருஷத்துக்கும் மேல் சம்பளமே வாங்கவில்லை, குறைவதை நாங்கள் தருகிறோம் என்று மாசச்சூசெட்ஸ் மாநிலமே முன்வந்தபோதும் வேண்டாம் என்றார்கள். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது அப்படிச் சொன்னது சரியா தவறா என்றுதான் படம் முடிந்ததும் வகுப்பில் அரை மணி நேரம் பேசப்போகிறோம். எனக்கே இன்னும் பதில் பிடிபடவில்லை. 1864 ஜூனில்தான் சம சம்பளச் சட்டம் வந்தது. அதற்குள் தெற்குப் படையிடம் இருந்த வாக்னர் கோட்டையைத் தாக்கியதில் பலர் போய்விட்டார்கள், 25 வயது ஷாவும்தான். அவரையும் சிப்பாய்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். (முடிவைச் சொல்லிவிட்டேனே என்று பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள்.)

படம் இரண்டு மணி நேரம். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்பவர்களின் பிள்ளைகள் அந்த நேரம் நூலகத்தில் இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். கூட உட்கார்ந்து பார்க்க வருகிறவர்களுக்குப் பின்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம், போன் செய்த அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்